ஸ்டொக் இல்லை

இன்றைக்கு என் பெயர் கனகம்மா.
வயது அறுபத்திரண்டு, ஊர் வந்தாறுமூலை.
ஈரலில் தொடங்கி எலும்புக்குப் போய்விட்டது.
பிள்ளைகள் கட்டாரில். வீட்டில் ஒரு சினைப்பசு.
ஒன்றரைப் பக்கத் தாளில் இவ்வளவும் இருக்கிறது,
நாலாவது நிமிடம் நான் கேட்க வேண்டிய கேள்வியும்
மஞ்சள் பூசி.

மற்ற நாட்களில் றோஸ்லின்.
தாண்டவன்வெளியில் தையல் மெசின் திருத்துகிறேன்.
கையில் எண்ணெய் மணம் போகாது.
பிள்ளையாரடி பஸ்ஸில் வரும்போதே
தேசிக்காய்த் தோலால் தேய்த்துக்கொள்வேன்.

மணி அடிக்கும். ஒருவர் வருவார்.
பத்து நிமிடம். மணி.
முகத்தைத் துடைத்து,
மறுகா ஒன்றும் தெரியாதவளாக இருக்க வேண்டும்.
அதுதான் கஷ்டம்.
அழுகை லேசு.

"எனக்கு இன்னும் எவ்வளவு நாள், டொக்டர்?"

யதுமிலன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான்,
விடை அங்கே இருக்கிறமாதிரி.
ஒருத்தி நான் அழுமுன்பே டிஷ்யூப் பெட்டியை நீட்டினாள்.
சம்மாந்துறைப் பொடியன் ஹஸ்மத்
மோர்பின் மில்லிகிராம் கணக்கை ஒப்புவித்து முடித்துத்தான்
மூச்சு விட்டான்.
அவன் நெற்றி வியர்வை என் விரலில் சொட்டியது.
எனக்குத்தான் அவனைத் தேற்ற வேண்டும்போல் இருந்தது.
தாளில் அதற்கு இடமில்லை.

இன்னொருவன் நன்றாகப் பேசினான். மிக நன்றாக.
எழுந்து போகையில் கதவடியில் நின்று,
கண்ணாடிக்குப் பின்னால் புள்ளி போடுகிறவருக்குக் கேட்கட்டுமென்று
"பாலியேட்டிவ்" என்றான்.

அந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.
பதின்மூன்றாம் வார்டு வாசலில்
இரண்டு டொக்டர்மார் தங்களுக்குள் சொன்னது.
மருந்தின் பெயர் என்று நினைத்தேன்.
கிறகரியின் ஸ்கேன் பில்லுக்குப் பின்னால்
காதில் விழுந்தபடி தமிழில் எழுதிக்கொண்டு
மூன்று பாமசி ஏறினேன்.
மார்கழி மழை. பஸார் வீதியில் கணுக்கால் தண்ணீர்.
முதல் கடையில் சிரித்தார்கள்.
இரண்டாவதில் ஸ்பெலிங் கேட்டார்கள்.
மூன்றாவது கடைக்காரர் துண்டை வாங்கி
நெடுநேரம் பார்த்தார். என்னையும் பார்த்தார்.
நாலாக மடித்துத் திருப்பித் தந்தார்.
"ஸ்டொக் இல்லம்மா."
"எப்ப வரும்?"
"நீங்க போய் அவரோட இருங்க."
அந்த மாதம் முழுதும்
உண்மைக்குக் கிட்ட வந்து பேசியவர் அவர் ஒருவர்தான்.
அவரும் ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்.

பன்னிரண்டரைக்கு எட்டுப் பேரையும் வட்டமாக இருத்தி
"நோயாளியாக உங்களுக்கு எப்படி இருந்தது" என்பார்கள்.
வழமையாகச் சின்னச் சின்னதாகத்தான் சொல்வேன்:
கதிரை இழுக்கிற சத்தம்,
பேனையைத் தட்டுவது.
இன்றைக்குக் கேட்டுவிட்டேன்,
அந்தச் சொல் தமிழில் என்ன?

"நோய்த்தணிப்புப் பராமரிப்பு."
"அதை வாங்க எந்தக் கடைக்குப் போக வேணும், மகன்?"

ஒருவரும் சிரிக்கவில்லை.
மின்விசிறி சுற்றியது.
குளியாப்பிட்டியிலிருந்து வந்த சஷினி,
உள்ளங்கையில் எழுதி வைத்த தமிழெல்லாம்
வியர்வையில் கலைந்து போனவள்,
"அம்மா, நாங்க போக இல்ல" என்றாள்.
போகமாட்டோம் என்று திருத்த வாயெடுத்த யதுமிலன்
திருத்தாமலே வாயை மூடிக்கொண்டான்.

கொடுப்பனவுத் தாளில் கையெழுத்து வைத்தேன்.
"இது ஆர் கனகம்மா?" என்றார் கிளாக்கர்.
வெட்டிவிட்டு என் பெயரை எழுதினேன்.

வெளியே வெயில். பஸ் இல்லை.
வீட்டில் இரண்டு மெசின் கிடக்கிறது,
ஒன்றுக்கு ஊசித் தண்டு வளைந்துபோய்.
மதில் நிழலில் சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது
அந்தச் சினைப்பசுவுக்கு
இனி யார் தண்ணீர் வைப்பார்கள் என்று
கை அப்படியே நின்றது.

எட்டுப் பேரில் ஒருவரும்
மாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.
அடுத்த முறை சொல்ல வேண்டும்.